ஆள் நடமாட்டமுள்ள இடம்

பங்குனி பிறந்ததுமே திருத்தங்கலில் வெயில் சித்திரை வெயிலாக அடிக்கத் தொடங்கிவிட்டது. பள்ளிக்கூடத்து முதல் மணி அடித்து முடிவதற்குள் தெருவில் கால் வைக்க முடியாது. வீரலட்சுமி ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில், வெறும் சிமெண்டுத் தரையில், நனைத்த பழைய சேலை ஒன்றைப் போர்த்திக்கொண்டு கிடப்பாள். சேலை காய்ந்ததும் எழுந்து, ஒரு செம்புத் தண்ணீரை நெஞ்சிலும் முதுகிலும் ஊற்றிக்கொண்டு மறுபடியும் படுப்பாள். அந்தத் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வருவதே அபூர்வம். எதிர்வீட்டில் இருக்கும் மதினி மாடத்தி, தான் பிடித்த தண்ணீரில் பாதியைக் கொண்டுவந்து இவள் பானையில் ஊற்றிவிட்டுத்தான் வேலைக்குப் போவாள்.

போன ஆவணியில், தீபாவளி ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்த சமயத்தில், வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறை வெடித்தது. அடுத்த அறையில் வெடிகளுக்குக் கலர்த்தாள் ஒட்டிக்கொண்டிருந்த வீரலட்சுமியை நெருப்பு வாசலில் வைத்துப் பிடித்தது. இடது கன்னம், காது, கழுத்து, நெஞ்சு, முதுகு, இடது கை. அவளோடு உட்கார்ந்து தாள் ஒட்டிக்கொண்டிருந்த அய்யம்மாள் வாசலுக்கே வரவில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். தை கடைசியில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

அவள் புருசன் சுந்தரபாண்டி ஊரிலேயே ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் மெஷின்மேன். அவள் வந்த நாளிலிருந்து அவன் நைட் ஷிப்ட்டுக்கு மாறிக்கொண்டான். பகலெல்லாம் வீட்டில் இருந்து கஞ்சி வைப்பான், மோர் கடைவான், வடு இறுகிவிடாமல் தேங்காயெண்ணெய் தேய்த்துவிடுவான். அவன் விரல் நகத்தில் மை போகாது. அதனால் உள்ளங்கையால் மட்டும் தேய்ப்பான். பார்க்க வரும் பெண்களை வாசலிலேயே நிறுத்தி, "இப்பத்தான் கண்ணசந்தா, இன்னொரு நாளைக்கு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவான். கம்பெனியில் கூட வேலை பார்த்தவர்கள் கொஞ்ச நாள் வந்தார்கள். பிறகு வருவதை விட்டுவிட்டார்கள்.

மகள் சினேகா இரண்டாம் வகுப்புப் படித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா வந்து இறங்கிய அன்று, ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்து அலறிக்கொண்டு அத்தை வீட்டுக்குள் ஓடியவள் அங்கேயே தங்கிவிட்டாள். சாப்பாடும் தூக்கமும் அங்கேதான். வீரலட்சுமி படுத்துக்கிடக்கும் இடத்திலிருந்து ஜன்னல் வழியாக அத்தை வீட்டு வாசல் தெரியும். சினேகா செருப்பு மாட்டுவதும், புத்தகப் பையைத் தூக்க முடியாமல் தூக்குவதும் தெரியும்.

தண்ணீர் லாரி வந்த ஒரு நாள் மாடத்தி வேலைக்குப் போய்விட்டாள். சுந்தரபாண்டி அரிசி வாங்கப் போயிருந்தான். பானையில் தண்ணீர் இல்லை. வீரலட்சுமி தலையோடு துண்டைச் சுற்றிக்கொண்டு குடத்தோடு வெளியே போனாள். வரிசையில் நின்றவர்கள் அவளுக்கு வழிவிட்டார்கள். குடம் நிறைவதற்குள் அவள் விழுந்துவிட்டாள். தொட்டுப் பார்த்த பெண்கள் கையை இழுத்துக்கொண்டார்கள்; உடம்பு அடுப்புக் கல்லாகக் கொதித்தது. ஒரு சொட்டு வேர்வை இல்லை.

விருதுநகர் ஆஸ்பத்திரியில் ஐஸ் கட்டி வைத்து, டிரிப் ஏற்றி, சாயந்தரம்தான் கண் விழித்தாள். டாக்டர் சொன்னது சுந்தரபாண்டிக்குப் புரியவில்லை. அவர் போன பிறகு நர்ஸ் கிருபாதான் அவனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள்.

"ஒட்டவச்ச தோலுக்கு வேர்க்கத் தெரியாதுண்ணே. நமக்கெல்லாம் வேர்த்து உள்ள இருக்க சூடு வெளிய போயிருது. இவகளுக்குப் போக வழியில்ல. பாதி ஒடம்பு மூடிக் கெடக்கு. பங்குனியிலேயே இப்பிடின்னா, சித்திர வைகாசிய இங்கன வச்சுத் தாண்ட முடியாது. குளுந்த ஊரா எங்கயாச்சும் கொண்டுபோயிருங்க."

சுந்தரபாண்டிக்குச் சிரிப்பு வந்தது. "குளுந்த ஊருக்கு நாங்க எங்கிட்டுச் சிஸ்டர் போக? காலண்டர்லதான் மலையப் பாத்துருக்கேன். நாந்தான் அச்சடிக்கேன்."

"எங்க பெரியம்மா கொடைக்கானல்ல இருக்காக. டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவக. தேவமணின்னு பேரு. வீட்டுக்குப் பின்னால தனியா ஒரு ரூம் கெடக்கு. நான் போன் பண்ணிச் சொல்லுதேன். வாடக கீடகன்னு ஒண்ணும் கேக்க மாட்டாக. மழ விழுகற வரைக்கும் இருக்கட்டும்."

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் திரும்பிய அன்று மாடத்தி சோளச்சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். சுந்தரபாண்டி விஷயத்தைச் சொன்னதும் அவள் தம்பியின் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றினாள்.

"போகட்டும்லே. இங்கன கெடந்து வேகுறதுக்கு அங்கன போயி மூச்சு விடட்டும். புள்ளய நான் பாத்துக்கிறேன்."

"புள்ளதான் இப்பமே ஓங்கிட்ட இருக்குதே" என்றான் சுந்தரபாண்டி.

சுவரோரம் படுத்திருந்த வீரலட்சுமி கேட்டாள். "மதினி, நான் அம்புட்டுத் தூரம் போயிட்டா அவ என்னய மறந்துர மாட்டாளா?"

மாடத்தி எழுந்தாள். குழம்புச் சட்டியைக் கழுவப் போய்விட்டாள்.

விருதுநகரில் பஸ் மாறி, மதுரையில் மாறி, வத்தலக்குண்டு வரை வீரலட்சுமி ஈரத் துண்டைக் கழுத்திலிருந்து எடுக்கவில்லை. முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். முன் சீட்டில் இருந்த குழந்தை திரும்பித் திரும்பிப் பார்த்தது. அதன் தாய் அதன் தலையைப் பிடித்து முன்பக்கம் திருப்பினாள். சுந்தரபாண்டி அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து, தான் இந்தப் பக்கம் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மலை ஏறத் தொடங்கியதும் இரண்டு பேருக்கும் குமட்டியது. சுந்தரபாண்டி வாந்தியெடுத்துவிட்டுக் கண்ணை மூடிக் கிடந்தான். பாதி மலையில் காற்று மாறியது. வீரலட்சுமி முதலில் அதைக் கையில்தான் உணர்ந்தாள். ஜன்னல் கம்பியில் வைத்திருந்த இடது கையில், வீட்டுக்கு வந்த நாளிலிருந்து உள்ளே எரிந்துகொண்டே இருந்த ஒன்று மெல்ல அணைந்தது. பிறகு கழுத்து. பிறகு முதுகு. முந்தானை தானாக நழுவியபோது அவள் அதை எடுத்துப் போடவில்லை. வாயைத் திறந்து காற்றைக் குடித்தாள். சுந்தரபாண்டி கண் விழித்து அவளைப் பார்த்தான். "துணியப் போடு, ஆளுக பாக்காக" என்று சொல்ல வந்து, அவள் இருந்த இருப்பைப் பார்த்துச் சொல்லாமல் விட்டான்.

கொடைக்கானல் பஸ் நிலையத்தில் இறங்கியதும் "ரூம் வேணுமா, ரூம் வேணுமா" என்று ஆட்கள் சூழ்ந்தார்கள். பக்கத்தில் ஆளுயர மூட்டைகளை முதுகில் கட்டிய வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஒரு ஜீப்காரரோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். தேவமணி டீச்சர் அன்றைக்கு வத்தலக்குண்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். சாயந்தரம்தான் திரும்புவார் என்று கிருபா சொல்லியிருந்தாள். அதுவரை இருக்க ஒரு அறை எடுக்கலாம் என்று சுந்தரபாண்டி முதல் லாட்ஜில் கேட்டான். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் 'இருக்கு' என்று நோட்டைத் திறந்து, பேனாவை எடுத்து, நிமிர்ந்து வீரலட்சுமியைப் பார்த்ததும் பேனாவை வைத்துவிட்டார்.

"ரூம் எல்லாம் புக் ஆயிருச்சுங்க."

"இப்பத்தான இருக்குன்னீக?"

"அது வேற பார்ட்டிக்குச் சொன்னது. ஃபேமிலியெல்லாம் வந்து தங்குற இடம் பாத்தீங்களா, புரிஞ்சுக்கங்க."

அடுத்த லாட்ஜில் பேசக்கூட இல்லை. கையை மட்டும் அசைத்தார்கள். சுந்தரபாண்டி கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு வாசலிலேயே நின்றான். அவன் காதுமடல் சிவந்திருந்தது. வீரலட்சுமி முந்தானையை எடுத்து மறுபடியும் முகத்தில் போட்டுக்கொண்டாள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஜீப்காரர் வண்டியிலிருந்தே சத்தம் போட்டுச் சொன்னார்.

"வட்டக்கானலுக்குப் போயிப் பாருங்கண்ணே. அங்கிட்டுச் சொர்ணலட்சுமி அக்கான்னு ஒருத்தங்க இந்த வெள்ளக்காரங்களுக்கு ரூம் விடுறாங்க. யாரு போனாலும் இல்லேங்க மாட்டாங்க."

"எங்களுக்கு எடம் இருக்கு" என்றான் சுந்தரபாண்டி விறைப்பாக.

சாயந்தரம் வரை ஏரிக்கரையில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டுத் தேவமணி டீச்சர் வீட்டுக்குப் போனார்கள். ஊரை விட்டு விலகி, சரிவில் இறங்கி, சவுக்குப் போன்ற நெடிய மரங்களுக்குள் ஒற்றையடிப் பாதையில் நடக்க வேண்டியிருந்தது. டீச்சர் வாசலிலேயே காத்திருந்தார். சாத்தூர்ப் பக்கத்துப் பேச்சு அவர் வாயிலிருந்து இன்னும் போகவில்லை.

"வாங்க, வாங்க. குளுருதா? மொதல்ல சூடா ஏதாச்சும் குடிங்க."

ராகிக் கஞ்சியும் வெங்காயத் துவையலும் கொடுத்தார். பின்னால் இருந்த அறையைத் திறந்து காட்டினார். சுத்தமான சுண்ணாம்புச் சுவர், கட்டில், இரண்டு கம்பளி, மூலையில் தண்ணீர் காயவைக்கும் அடுப்பு. சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியின் மேல் ஒரு புதுத் துண்டைப் போட்டு, ஓரங்களைச் சின்ன ஆணியால் அடித்து வைத்திருந்தார்.

"இங்கன யாரும் வர மாட்டாங்க தாயி. பால்காரர்கூட ரோட்டுலயே வச்சிட்டுப் போயிருவார். ஒருத்தர் கண்ணுலயும் நீ பட வேண்டியதில்ல. நிம்மதியா இரு. காலையில நான் செபம் பண்ணும்போது வந்து உக்காரணும்னு தோணுனா உக்காரு, இல்லேன்னா வேண்டாம்."

சுந்தரபாண்டிக்குக் கண்ணீர் வந்துவிட்டது. டீச்சர் காலில் விழப் போனான். அவர் தோளைப் பிடித்துத் தூக்கினார். "சே, என்ன இது."

வீரலட்சுமி ஆணி அடித்த அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை பனி விலகியதும், அவள் கம்பளியை மடித்து வைத்துவிட்டுப் புருசனிடம் சொன்னாள்.

"ஏங்க, அந்த ஜீப்காரர் சொன்ன எடத்தையும் பாத்துட்டு வருவோமா?"

"எதுக்கு? இங்கன என்ன கொற?"

"கொற ஒண்ணுமில்ல. சும்மா பாப்போம்."

அவள் எதையும் கேட்பதே அபூர்வமாகிப் போயிருந்ததால் அவனால் மறுக்க முடியவில்லை.

வட்டக்கானல் ஒரு மலைச் சரிவு. ரோட்டோரம் வரிசையாக நாலைந்து கடைகள். கடைகளுக்குப் பின்னால் தகரம் வேய்ந்த அறைகள். கீழே பார்த்தால் வெறும் மேகம். வெள்ளைக்காரப் பையன்கள் படிக்கட்டில் உட்கார்ந்து ஆம்லெட் தின்றார்கள். ஒருத்தி ஈரத் தலையோடு வெயிலில் கால் நீட்டியிருந்தாள். மெட்ராஸ் காலேஜ் பிள்ளைகள் ஒரு கூட்டம் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. கேரட் ஏற்றிய கோவேறு கழுதைகள் நடுவில் புகுந்து போயின. புகையிலை போல, ஆனால் புகையிலை இல்லாத ஒரு வாடை வந்தது. சுந்தரபாண்டி மூக்கைச் சுளித்தான்.

சொர்ணலட்சுமி டீக்கடை அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தாள். ஸ்வெட்டருக்கு மேல் சேலையை இழுத்துச் செருகியிருந்தாள். வீரலட்சுமியை மேலிருந்து கீழ் வரை நேராகப் பார்த்தாள்.

"என்னாத்தா, பட்டாசா?"

"ஆமாக்கா."

"எங்க சின்னம்மா மகளும் வெந்துதான் போனா. அது ஸ்டவ்வு. வலிக்குதா இன்னும்?"

"குளுந்தா வலிக்கல. சூடுதான் ஆகாது."

"அப்ப அடுப்புக்கிட்ட வராத, அங்குட்டே நில்லு." டீயை ஆற்றி நீட்டினாள். "ரூமு சும்மா தர்றதுக்கு எனக்கு வசதியில்ல. கடைக்குப் பின்னால ஒரு சின்ன ரூமு சாமான் போட்டு வச்சிருக்கேன், ஒழிச்சுத் தாரேன். எனக்கு ஒத்தாச பண்ணணும். வர்றவங்களுக்கு ரூமு காட்டணும், போர்வ மாத்தணும், சாவி பாத்துக்கணும். இந்தக் கையி மடங்குமா?"

வீரலட்சுமி இடது கையை நீட்டினாள். விரல்கள் பாதிதான் மடங்கின.

"போதும். போர்வ மடிக்க மடிக்கச் சரியாயிரும்."

படிக்கட்டில் இருந்த ஒரு பையன் அவளைப் பார்த்துவிட்டு, பிறகு பார்க்காதவன்போல் தட்டைப் பார்த்தான். இன்னொருத்தி சிரித்தாள். கேலியா மரியாதையா என்று தெரியவில்லை. வீரலட்சுமி டீயை ரோட்டைப் பார்த்து நின்றபடி குடித்து முடித்தாள். முந்தானை தோளில்தான் கிடந்தது.

"நான் இங்கன இருக்கேங்க" என்றாள் புருசனிடம்.

சுந்தரபாண்டி அவளைக் கையைப் பிடித்து ரோட்டு வளைவுக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"ஒனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? டீச்சரம்மா பெத்த தாய் மாதிரி கவனிக்காக. ஒரு பய ஒன்னத் திரும்பிப் பாக்க மாட்டான். அத விட்டுட்டு இந்தக் கஞ்சா நாத்தத்துக்குள்ள, கண்ட கண்ட பயலுகளுக்குப் பெட்டு விரிக்கேன்னு சொல்லுத."

"ஒரு பய பாக்க மாட்டாங்கறதுதாங்க எனக்குப் பயமா இருக்கு."

"என்ன பேசுத நீ?"

"அங்கன மரமும் டீச்சரும்தான். ரெண்டும் நல்லதுதான். மழ விழுகறதுக்குள்ள நான் பேச மறந்துருவேன். எனக்கு ஆளு நடமாட்டம் வேணும். சண்ட சத்தம் வேணும். எவனாச்சும் பாக்கட்டும், மூஞ்சியச் சுளிக்கட்டும், போகட்டும். கம்பெனியில நாள் பூரா பேசிக்கிட்டே ஒட்டுவோம். பேச்சில்லாம நான் இருந்தவ இல்ல."

"ஊர்ல என்ன சொல்லுவாக? பொண்டாட்டிய மலையில வேலைக்கு விட்டுட்டான்னு காறித் துப்ப மாட்டாகளா?"

"ஊர்ல நான் இருக்கேனா செத்தேனான்னே தெரியாது. யாரு வந்தாலும் தூங்குதான்னு சொல்லி அனுப்பிட்டீக. நான் எங்க தூங்குனேன்? முளிச்சுக்கிட்டுத்தான் கெடந்தேன். வாசல்ல நீங்க பேசுனது பூரா கேட்டுக்கிட்டுத்தான் கெடந்தேன்."

சுந்தரபாண்டி அவள் கையை விட்டான். கழுதை ஒன்று கழுத்து மணி குலுங்க அவர்களைத் தாண்டிப் போனது.

"சினேகா ஒரு நாள் சாயந்தரம் வந்தா" என்றாள் வீரலட்சுமி. குரல் தாழ்ந்திருந்தது. "எங்கம்மாவப் பாக்கணும்னு வாசல்ல வந்து நின்னா. அவளாத்தான் வந்தா, மதினி கூட்டிட்டு வரல. நீங்க என்ன சொன்னீக அவகிட்ட?"

அவன் மேகத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"'அம்மாவுக்குச் சரியாகட்டும், அப்புறம் பாக்கலாம், போ'ன்னு சொன்னீக. இது சரியாகுற மூஞ்சியா? இனிமே இதுதான என் மூஞ்சி? அவ பயந்தா பயப்படட்டும்ங்க. பாக்கப் பாக்கப் பழகும். கதவச் சாத்திட்டா எதப் பாத்துப் பழகுவா?"

சுந்தரபாண்டி ரோட்டோரத்துத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்துவிட்டான். முகத்தை இரண்டு கையாலும் அழுத்தித் துடைத்தான்.

"ஒன்ன ஒளிச்சு வைக்கணும்னு நெனைக்கல லெச்சுமி. அன்னைக்கு ஆட்டோவுல அவ அலறுனப்ப ஒன் மூஞ்சி போன போக்க நான் பாத்தேன். ஆஸ்பத்திரியில கட்டுப் பிரிக்கையில, தோலோட பிச்சு எடுப்பாக, அப்பக்கூட நீ அப்பிடி ஆகல. இன்னொருவாட்டி அத என்னால பாக்க முடியாது. அதான் சாத்துனேன். எனக்காகத்தான் சாத்துனேன்."

வீரலட்சுமி அவனருகில் உட்கார்ந்தாள். வெயில் அவள் கழுத்தில் விழுந்தபோது அவன் எழுந்து, நிழல் விழும்படி அந்தப் பக்கம் மாறி நின்றான்.

தேவமணி டீச்சரிடம் வீரலட்சுமியே போய்ச் சொன்னாள். டீச்சரின் முகம் வாடிவிட்டது. "நான் ஏதாச்சும் தப்பாச் செஞ்சிட்டேனா தாயி?" என்று கேட்டார். "இல்ல டீச்சர். ஒங்க மனசுக்கு ஒண்ணும் கொறையில்ல. எனக்குத்தான் தனியா இருக்க வரல" என்றாள் வீரலட்சுமி. டீச்சர் கம்பளிகளில் ஒன்றைக் கட்டிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போகச் சொன்னார். ஆனால் வாசல் வரை வந்து வழியனுப்பவில்லை. அது வீரலட்சுமிக்கு நெஞ்சில் உறுத்தலாகவே இருந்தது.

சுந்தரபாண்டி தனியே ஊர் திரும்பினான். தெருவில் பேச்சு அவன் பயந்தபடியே வந்தது. பிரஸ்ஸில் பைண்டிங் பார்க்கும் சீனிவாசகம், "என்னண்ணே, மதினி வெள்ளக்காரங்ககூட இங்கிலீஸ் பேசுறாகளாமே" என்று எல்லாரும் கேட்கச் சொன்னான். சுந்தரபாண்டி மெஷினை நிறுத்தாமல், "ஆமா, பேசுதா. ஒனக்கு வேணும்னா போயிக் கத்துக்க" என்றான். அன்று முழுக்க அவன் அடித்த தாளெல்லாம் கலர் பிசகி வந்தது.

வாரம் ஒருமுறை சொர்ணலட்சுமி கடை போனுக்குப் பேசுவான். எல்லாம் நல்லபடியாகவே இருந்தது என்று சொல்ல முடியாது. ஒரு வெள்ளைக்காரப் பெண் கேட்காமல் கேமராவைத் தூக்கியிருக்கிறாள். வீரலட்சுமி போர்வையை விசிறி அவள் தலையில் போட்டுவிட்டாள். கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று அறையைப் பார்த்துப் பிடித்துப்போய், காட்டியவளைப் பார்த்துவிட்டு வேறு இடம் தேடிப் போய்விட்டது. இரவில் குளிருக்கு ஒட்டின தோல் இறுகி அரிப்பெடுக்கிறது. இதையெல்லாம் அவள் ஒன்று விடாமல் சொன்னாள். முன்பு கம்பெனிக் கதைகளைச் சொல்வதுபோலவே, அந்தந்த ஆள் மாதிரி பேசிக் காட்டிச் சொன்னாள். ரிசீவரை வைத்துக்கொண்டு சுந்தரபாண்டி சிரித்துவிட்டான். எஸ்.டி.டி. பூத்துக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் அவன் சினேகாவிடம் கேட்டான். "அம்மாகிட்டப் போவமா?"

அவள் அத்தையைப் பார்த்தாள். மாடத்தி முருங்கைக்கீரை உருவுவதை நிறுத்தாமல், "ஒன் இஷ்டந்தான் புள்ள" என்றாள்.

"போவோம். ஆனா பிடிக்கலன்னா அன்னைக்கே வந்துரணும்."

"வந்துருவோம்" என்றான்.

பஸ்ஸில் வத்தலக்குண்டு தாண்டியதும் சுந்தரபாண்டி மகளிடம் எல்லாவற்றையும் சொன்னான். எப்படிச் சொல்வது என்று ஊரிலிருந்தே யோசித்துக்கொண்டு வந்தும், கடைசியில் சும்மா உள்ளதைச் சொன்னான். இந்தப் பக்கத்துக் கன்னம் சுருங்கி இழுத்திருக்கும். கழுத்துத் தோல் ரப்பர்போல இருக்கும். கை பாதிதான் மடங்கும். சினேகா சேவுப் பொட்டலத்தைத் தின்னாமல் மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"காது இருக்காப்பா?"

"பாதி இருக்கு."

"நாம பேசுனா கேக்குமா?"

"நல்லாக் கேக்கும்."

"பேச்சு?"

"பேச்சு அதே பேச்சுதான். இன்னும் கூடிப்போச்சு."

அவள் பொட்டலத்து நூலை விரலில் சுற்றினாள். "நான் அன்னைக்குக் கத்துனேன்ல, அம்மா அழுதுச்சா?"

"அழுதா" என்றான் சுந்தரபாண்டி.

ஜீப் வட்டக்கானலில் நின்றபோது பனி இறங்கிக்கொண்டிருந்தது. வீரலட்சுமி முதுகில் மூட்டை கட்டிய ஒரு வெள்ளைக்கார ஜோடிக்கு அறை காட்டிக்கொண்டிருந்தாள். கையில் சாவி வளையம்.

"திஸ் ரூம், சன் கமிங். தட் ரூம், நோ சன், ஒன்லி வியூ. ஹாட் வாட்டர், மார்னிங் மட்டும்."

அந்த ஜோடி தங்களுக்குள் என்னவோ பேசிக்கொண்டது. திரும்பிய வீரலட்சுமி ஜீப்பைப் பார்த்தாள். சாவி வளையத்தை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினாள். ஓடி வரவில்லை. முந்தானையையும் இழுக்கவில்லை. இருந்த இடத்திலேயே, முழு முகமும் தெரியும்படி நின்றாள்.

சினேகா அப்பாவின் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டாள். கத்தவில்லை. ஆனால் கிட்டேயும் போகவில்லை. வெள்ளைக்காரர்கள் வெயில் வரும் அறையைத் தேர்ந்துகொண்டு சாவிக்குக் கையை நீட்டினார்கள். வீரலட்சுமி பார்க்காமலே கொடுத்தாள்.

"வாங்க" என்றாள் பொதுவாக. "குளுருதா?"

சொர்ணலட்சுமி டீயும் பன்னும் கொண்டுவந்து வைத்தாள். "ஆனியில மழ விழுந்ததும் கூட்டிட்டுப் போயிருவீங்களாக்கும்" என்றாள் சுந்தரபாண்டியிடம். "அடுத்த பங்குனிக்கு என்னா பண்ணுவீங்க? வருசா வருசம் வெயிலு வரத்தான செய்யும்?" அவன் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தான். ராத்திரியெல்லாம் மெஷின் முன்னால் நின்று அவனும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தான்.

சினேகாவின் உதடு நீலம் பாரித்து, பல் தந்தியடித்தது. திருத்தங்கல் பிள்ளைக்கு இந்தக் குளிர் புதிது. வீரலட்சுமி எழுந்தாள். "உள்ள போவோம். ரூமுக்குள்ள காத்து வராது."

கடைக்குப் பின்னால் இருந்த அறை சின்னது. ஒரு கட்டில், ஓரத்தில் அடுக்கிய உருளைக்கிழங்கு மூட்டைகள், ஆணியில் அவளுடைய இரண்டு சேலைகள். சினேகா வாசலில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசியாக அம்மாவின் இடது பக்கத்தைப் பார்த்தாள். கண்ணை எடுக்காமல், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். வீரலட்சுமி அசையாமல் நின்று கொடுத்தாள்.

"ராத்திரி எங்கன படுக்குறது?" என்றாள் சினேகா.

"நீயும் அப்பாவும் கட்டில்ல படுங்க. நான் கீழ விரிச்சுக்கிறேன்."

சினேகா தலையை ஆட்டினாள். உள்ளே வந்து கட்டிலைக் கையால் அளப்பதுபோல் தடவிப் பார்த்தாள்.

"வேணாம். அப்பா கீழ படுக்கட்டும். நான் சுவத்தோரம். நீ இங்கிட்டு."

வீரலட்சுமி கம்பளியை எடுத்து உதறிக் கட்டிலில் விரித்தாள்.

"ஆனா என்னயப் பாத்துத் திரும்பாத" என்றாள் சினேகா. "எனக்கு இன்னும் பழகல."

"சரி தாயி. நான் கதவப் பாத்துப் படுத்துக்கிறேன்."

"நாளைக்கு வேணா திரும்பு."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறி, சுவரோடு ஒட்டி உட்கார்ந்து கம்பளியை இழுத்துக் காலில் போட்டுக்கொண்டாள். பஸ்ஸிலிருந்து கையிலேயே வைத்திருந்த சேவுப் பொட்டலத்தைப் பிரித்து, கட்டிலின் இந்தப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். வாசலில் பையோடு நின்றிருந்த சுந்தரபாண்டி உள்ளே வரவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. வீரலட்சுமி கட்டிலின் ஓரத்தில், மகளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். பின்னால் கையை நீட்டி ஒரு சேவுத் துண்டை எடுத்து வாயில் போட்டாள்.